ராகு காலத்தில் அக்காவுக்கு இடம் பார்த்தேன்

என்னை யாரும் ஏமாற்ற முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெங்கம் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரைக்கும்தான் படித்தேன், அதிலும் பாதி நாள் ஆட்டுக்குப் புல் அறுக்கப் போய்விட்டேன். ஆனால் குளுவாங் வட்டாரத்தில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றிக்கொண்டு எத்தனை லோரி ஓடினாலும், ஒரு காலத்தில் அதில் என் லோரி முன்னாலேயோ பின்னாலேயோ ஒன்று இருக்கும். எல்லாம் பழைய வண்டி வாங்கி, தேற்றி, ஓட்டிச் சம்பாதித்தது. பழைய லோரி பார்த்து வாங்குவதில் என்னை மிஞ்ச இந்த ஜோகூரில் ஆள் கிடையாது. இன்றைக்கும் கிடையாது, கேட்டுப் பாருங்கள்.

அப்பேர்ப்பட்ட நான் போன வருஷம் என் அக்காவுக்கு முதியோர் ஹோம் பார்க்கக் கிளம்பினேன். ஒரு ஹோம் நல்லதா கெட்டதா என்று பார்க்க நான் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அதை எந்தப் பெரிய படிப்பிலும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்காவுக்கு எண்பது நெருங்குகிறது. பிள்ளை இல்லை. மாமா போய்ப் பல வருஷம். ரெங்கத்தில் தனியாக இருந்தவள், பின்பக்கம் துணி காயப்போடப் போய் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்தார்கள். நாலு கால் வாக்கர் ஒன்றைக் கொடுத்து, நடக்கப் பழக்கி, என் வீட்டுக்கு அனுப்பினார்கள். நடந்தாள். மெதுவாக, என்னைத் திட்டிக்கொண்டே நடந்தாள். பக்கத்தில் ஒரு ஆள் நின்றால் போதும். "அங்கிள், தினம் நடக்கணும். படுத்துட்டாங்கன்னா அந்தக் கால் திரும்ப வராது" என்று நடை பழக்கிய பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது.

என் வீட்டில் பக்கத்தில் நிற்க யார் இருக்கிறார்கள்? மனைவிக்கு ரெண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. எனக்கு முதுகு. மகனும் மருமகளும் ஜோகூர் பாருவில் இருந்துகொண்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். ஒருநாள் காலையில் தோசையைப் பிய்த்துக்கொண்டே அக்காதான் தீர்ப்பு சொன்னாள்.

"டேய், ஒரு நல்ல ஹோமா பாத்து என்னைக் கொண்டுபோய் விடு. உன் பொண்டாட்டி என்னைத் தூக்கப் போயி ரெண்டு பேரும் விழுந்து கெடந்தா, உனக்கு யாரு சோறு போடறது?"

"கூடப் பொறந்தவள ஹோம்ல விட்டுட்டான்னு ஊர் பேசுமே, அக்கா."

"ஊரா வந்து என்னைக் கக்கூஸுக்குக் கூட்டிட்டுப் போவுது?"

அவளே மேலே சொன்னாள். "சோறு எப்படி இருந்தாலும் திங்கிறேன். டிவி வேணாம், சாமி ரூமு வேணாம். அந்த டயப்பரை மட்டும் மாட்டக்கூடாது. என் கால்ல நடந்து நான் கக்கூஸுக்குப் போவணும். படுத்த எடத்துலயே போன்னு சொன்னாங்கன்னா அன்னிக்கே நான் செத்தேன்னு வச்சுக்க."

ஆபரேஷன் முடிந்த புதிதில் அவளுக்கு அதை மாட்டியிருந்தார்கள். வேறு வழியில்லை, எழ முடியாது. அந்த நாட்களில் அவள் என் முகத்தைப் பார்த்தே பேசவில்லை. சுவரைப் பார்த்துத்தான் பேசினாள். அதனால் அவள் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது.

"இவ்வளவுதானே, விடு. யாரு பாக்கப் போறது? நான்ல" என்றேன்.

நம் ஆட்களுக்கு ஒரு இடத்தைப் போய்ப் பார்ப்பதென்றால் ஒரே முறைதான் தெரியும். பெண் பார்க்கிற முறை. என் மனைவி சமையலறை காலண்டரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல நேரம் பார்த்தாள். போன் போட்டு, இத்தனை மணிக்கு வருகிறோம் என்று சொல்லியாகிவிட்டது. மூன்று பேர் போகக்கூடாது, நாலு இரட்டைப்படை, அதனால் ஐந்து பேர்: நான், மனைவி, மகன், மருமகள், மனைவியின் தம்பி. இந்த மச்சான் ஒரு தனி ரகம். பூனை குறுக்கே போனால் காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து தண்ணி குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவான். ஒரு தட்டில் ஆப்பிள், ஆரஞ்சு, வெற்றிலை பாக்குக்கூட எடுத்துக்கொண்டோம்.

அந்த ஹோம் குளுவாங் டவுனை ஒட்டிய பங்களா. நடத்துகிறவர் நம்ம தமிழ் அம்மா, முன்னாளில் நர்ஸாக இருந்தவர். "வாங்கய்யா, வாங்கம்மா" என்று வாசலுக்கே வந்துவிட்டார். தரை பளபளவென்று இருந்தது. பெரியவர்கள் எல்லாரும் குளித்து, பவுடர் பூசி, பொட்டு வைத்து, ஹாலில் வரிசையாக வீல்சேரில் உட்கார்ந்திருந்தார்கள். சாம்பிராணி மணம். எங்களுக்கு வடை, தேத்தண்ணி. ஆஹா, முடிந்தது வேலை என்று நினைத்துவிட்டேன்.

மச்சான் என் காதைக் கடித்தான். "என்ன மாமா, தட்டு மாத்திக்கலாமா?"

"மாத்திடலாம் மச்சான்!" என்றேன் நான்.

வீட்டுக்கு வந்து அக்கா முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். பங்களா, சாமி ரூம், மீன் தொட்டி, வடை. மருமகள் போனில் எடுத்த படங்களை வேறு காட்டியது. அக்கா எல்லாவற்றையும் பார்த்தாள்.

"கக்கூஸ் எங்கடா?"

நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி மகனைப் பார்த்தாள். மருமகள் போனைத் தேய்த்துத் தேய்த்துத் தேடியது. மீன் தொட்டி மட்டுமே நாலு படம் இருந்தது.

"அஞ்சு பேரு போயி வடை தின்னுட்டு வந்திருக்கீங்க" என்றாள் அக்கா. அவ்வளவுதான். வாக்கரைத் திருப்பிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! மத்தியானம் ஈசிசேரில் சாய்ந்து கிடந்தபோதுதான் மண்டையில் பளிச்சென்று அடித்தது. அட முட்டாளே, நீ லோரி பார்க்கிறபோது இப்படியா பார்ப்பாய்?

பழைய லோரி விற்கிறவன் என்ன செய்வான் தெரியுமா? வாங்குகிறவன் வருவதற்கு முன்பே இஞ்சினை ஓட்டிச் சூடு பண்ணி வைத்துவிடுவான். சூடான இஞ்சின் எல்லாம் ஒரே மாதிரிதான் ஒத்துழைக்கும். அதனால் நான் சொன்ன நேரத்துக்குப் போகவே மாட்டேன். முன்னாலேயே போய் பானெட்டில் கையை வைப்பேன். சில்லென்று இருந்தால்தான் சாவியைக் கேட்பேன். ஆறிப்போன இஞ்சினை முதல் தடவை முடுக்குகிறபோது அது இருமுகிற இருமலில் அதன் பிறந்த கதையே தெரிந்துவிடும். இப்படிப் பழகிய நான், போன் போட்டு நேரம் சொல்லிவிட்டுப் போய், சூடான இஞ்சினைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்!

சரி, ஒரு ஹோம் எப்போது ஆறியிருக்கும்? எழுந்து போய் அதே காலண்டர் முன்னால் நின்றேன். விடை அங்கேதான் அச்சடித்திருந்தது. ஞாயிறு, நாலரை முதல் ஆறு, ராகு காலம். அந்த நேரத்தில் தமிழன் எவனும் அப்பா அம்மாவைச் சேர்க்க இடம் பார்க்கக் கிளம்ப மாட்டான். பார்க்க வந்தவர்களும் நாலரைக்குள் காரை எடுத்துவிடுவார்கள். இது எனக்குத் தெரிகிற மாதிரி ஹோம் நடத்துகிற அம்மாவுக்கும் தெரியும்!

கைதட்டிச் சிரித்துவிட்டேன். மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ஒரு நல்ல காரியத்துக்கு ராகு காலத்துல யாராவது போவாங்களா?"

"இது நல்ல காரியம் இல்லடி. இது சோதனை."

மச்சானைக் கையோடு இழுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு கிளம்பினேன். சட்டைப் பையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டுதான் காரில் ஏறினான். வழியெல்லாம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"மாமா, ஒருவேளை நல்ல ஹோமா இருந்து, நாம ராகு காலத்துல போனதால கெட்டுப்போச்சுன்னா?"

"அலமாக், வாய மூடிட்டு வா மச்சான்" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு உள்ளே நுழைந்தோம். வாசலில் ஒரு கார் இல்லை. ஹாலில் ஆள் இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே எல்லாரையும் கட்டிலில் ஏற்றிப் படுக்க வைத்து, இரண்டு பக்கக் கம்பியையும் தூக்கி மாட்டியிருந்தார்கள். வாக்கர்கள் எங்கே என்று பார்த்தேன். பின்கட்டில் இருந்தன. பத்துப் பன்னிரண்டு வாக்கர்களை வரிசையாக நிறுத்தி அதன் மேல் துண்டு காயப்போட்டிருந்தார்கள். ஒரு வாக்கரின் ரப்பர் காலைத் திருப்பிப் பார்த்தேன். தேயவே இல்லை. கடையில் வாங்கியபோது இருந்த மாதிரியே இருந்தது. டயர் பார்த்து வாழ்ந்தவன் நான், எனக்கா தெரியாது?

கட்டிலில் இருந்த ஒரு பாட்டி மச்சானை வேலை செய்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டு கையை நீட்டியது. "தம்பி, ஒண்ணுக்கு வருது, எறக்கி விடுய்யா."

மச்சான் பதறிப்போய் அங்கே நின்ற உதவிக்காரப் பெண்ணைக் கூப்பிட்டான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சுடா பாக்காய் லா, நேனேக்" என்றாள். டயப்பர்தான் ஏற்கனவே மாட்டியிருக்கிறதே என்று மலாயில் பதில். பாட்டி கையை மடக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டது.

அந்தத் திரும்பலை நான் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். என் அக்கா அங்கே திரும்பிய அதே திரும்பல்.

நர்ஸ் அம்மா கூந்தலை முடிந்துகொண்டே வேகமாக வந்தார். "ஐயா, இந்த நேரத்துல யாரும் வரமாட்டாங்களே!" என்று வாயில் வந்துவிட்டது. அப்புறம் சுதாரித்துக்கொண்டு உள்ளதைச் சொன்னார். "ராத்திரிக்கு ரெண்டு பொண்ணுங்கதான்யா இருக்கு. யாராச்சும் எந்திரிச்சு விழுந்தா குடும்பத்துக்காரங்க என்னைத்தான் புடிக்கிறாங்க. படுத்திருந்தா விழமாட்டாங்க."

"விழமாட்டாங்கம்மா" என்றேன். "எந்திரிக்கவும் மாட்டாங்க."

அந்த அம்மாவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அங்கே ஈ இல்லை, நாற்றம் இல்லை, ஒருத்தருக்கும் படுக்கைப் புண் இருந்த மாதிரி தெரியவில்லை. வேறு யாருக்காவது சரியாக இருக்கலாம். என் அக்காவுக்கு ஆகாது.

ஆனால் காரில் ஏறியதும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பாத்தியா மச்சான், மாமாவோட மூளைய! கெடச்சுது பாரு வழி!" என்று ஸ்டியரிங்கைத் தட்டினேன். அவன் எலுமிச்சம்பழத்தை வெளியே எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தப் பாட்டிய எறக்கி விட்டுட்டு வந்திருக்கலாம் மாமா" என்றான். திரும்பிப் போனோம். அந்த உதவிக்காரப் பெண்ணைக் கூட நிற்க வைத்து, மச்சான் ஒரு பக்கம் பிடிக்க, பாட்டியைக் கூட்டிப்போய்க் கூட்டிவந்து விட்டுத்தான் கிளம்பினோம்.

அதற்கப்புறம் எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. காலண்டரும் கையுமாகத் திரிந்தேன். புதன்கிழமை மத்தியானம் பாலோ ஊர்ப் பக்கத்தில் ஒன்று. கேட்டைத் திறக்கவே இல்லை, நேரம் குறித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். நேரம் குறித்துக்கொண்டு வருவதற்கு நான் என்ன மாப்பிள்ளையா? திரும்பிவிட்டேன். வியாழக்கிழமை ஒன்று பார்த்தேன். வாசலிலேயே மருந்து நெடி மூக்கை அறுத்தது. எதையோ மறைக்கத்தான் இவ்வளவு ஊற்றியிருக்கிறார்கள் என்று உள்ளே போனேன், மறைத்துத்தான் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு மேல். கடைவீதிக்குப் பின்னால், இரண்டு தெருவீடுகளை நடுச்சுவர் இடித்து ஒன்றாக்கிய இடம். நடத்துகிறவர் ஒரு சீன அம்மா. சுவரில் பெயிண்ட் உரிந்திருந்தது. நாற்காலி ஒவ்வொன்றும் ஒரு நிறம். நெத்திலி பொரிக்கிற புகை கண்ணைக் கரித்தது. மச்சான் வாசலிலேயே முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றான்.

அந்த அம்மா கையில் அகப்பையோடு வந்தார். "துங்கு செகெஜாப், அங்கிள்" என்று எங்களைச் சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினார். ராகு காலமாவது கேது காலமாவது, அவருக்கு அதெல்லாம் தெரியாது. எந்தத் தமிழன் எப்போது வருவான் என்ற கணக்கும் அவரிடம் இல்லை.

அவர் ஓடிய பக்கம் எட்டிப் பார்த்தேன். பார்த்தால்!

நடைபாதையில் நாலு பேர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின்னால் ஒருவர் நிற்கிறார்கள். முன்னால் நின்ற நம்ம கிழவர் ஒருவர், கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கக்கூஸ் திரைச்சீலையைப் பார்த்துக் கத்துகிறார்.

"ஏ அம்மோய்! உள்ள என்ன ஊடு கட்டுறியா? வெளிய வா!"

உள்ளேயிருந்து ஒரு சீனக் கிழவி அவர்கள் பாஷையில் வாங்கு வாங்கென்று வாங்குகிறது. பின்னால் நிற்கிறவர்கள் சிரிக்கிறார்கள். கடைசியாக நின்றவருக்குப் பின்னால் ஒரு உதவிக்காரப் பெண், அவர் இடுப்புக்கு ஒரு சாண் தள்ளிக் கையை வைத்துக்கொண்டு நிற்கிறது. தொடவில்லை. விழுந்தால் பிடிக்கிற மாதிரி.

"மச்சான்! இங்க வா! கியூ! கக்கூஸுக்குக் கியூ!" என்று நான் கத்திய கத்தலில் நெத்திலி கருகியிருக்கும்.

"கியூ நின்னா கக்கூஸ் பத்தலைன்னு அர்த்தம் மாமா."

"இல்லடா மச்சான், கியூ நின்னா நடக்குறாங்கன்னு அர்த்தம்!"

உடனே வேலையில் இறங்கினேன். வாக்கர் ரப்பர் கால்களைப் பார்த்தேன், ஒவ்வொன்றும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. இரண்டு வாக்கருக்குப் புது ரப்பர் மாட்டியிருந்தது. கக்கூஸ் தரையில் காலை வைத்துத் தேய்த்தேன், காய்ந்திருந்தது. சுவரில் பிடி இருந்தது. என் முழு எடையையும் போட்டு அதில் தொங்கினேன், அசையவில்லை. அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.

இங்கே யாரும் விழுவதே இல்லையா என்று மலாயில் கேட்டேன். விழாமல் எப்படி, போன மாதம்கூட ஒருவர் விழுந்து நெற்றி வீங்கியது, அந்த நிமிஷமே மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன் என்றார். ஒளிக்கவில்லை. அப்புறம் அவர் சொன்ன ஒன்றைக் கேட்டு அசந்துவிட்டேன். இன்றைக்கு ஒருவரை நடக்கவிடாமல் படுக்கப் போட்டால், அடுத்த மாதம் அவரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், இரண்டு ஆளுக்கு நான் எங்கே போவேன் அங்கிள் என்றார். வியாபாரம் தெரிந்த பேச்சு! நான்கூட இதைத்தானே என் டிரைவர்களிடம் சொல்வேன், ஓடாமல் நிறுத்தின லோரிதான் முதலில் கெடும் என்று.

அதோடு நம்பிவிடுவேனா? ஞாயிறு ராகு காலத்தில் இன்னொரு முறை போனேன். அதே கியூ. அதே கிழவர். அதே சண்டை. வீட்டுக்கு வந்து அக்காவிடம், "வடை கெடையாது, கக்கூஸ் இருக்கு" என்றேன்.

"நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

ஒரு காலைப்பொழுதில் அவளைக் கூட்டிப்போனேன். சீன அம்மா "மாரி, மாரி, ஆன்ட்டி" என்று அழைத்ததற்கு ஒரு தலையாட்டல். கட்டிலைக் காட்டினேன், திரும்பிப் பார்க்கவில்லை. நேராக நடைபாதைக்குள் வாக்கரைத் தள்ளினாள். என் வீட்டு ஹாலைவிட அது நீளம். பாதியிலேயே அவள் முழங்கை நடுங்குவது எனக்குத் தெரிந்தது. கைலிக் கிழவர் திரும்பிப் பார்த்தார்.

"புதுசா? பின்னால நில்லு."

"நின்னுக்கிட்டுத்தானய்யா இருக்கேன். கண்ணு தெரியலையா?"

"கண்ணு தெரியுது, வாய்தான் பெருசாத் தெரியுது."

நின்றாள். வரிசை நகரவில்லை. கால் நடுக்கம் சேலைவரைக்கும் வந்துவிட்டது. ஓடிப்போய்த் தோளைப் பிடிக்கப் பார்த்தேன். சீன அம்மா என் நெஞ்சுக்குக் குறுக்கே கையை நீட்டினார். "பியார், அங்கிள்." விடுங்கள் என்றார். உதவிக்காரப் பெண் மட்டும் அக்காவுக்குப் பின்னால், ஒரு சாண் தள்ளி, கையை வைத்துக்கொண்டு நின்றது. கிழவர் அக்காவின் காலைப் பார்த்தார். தன் வாக்கரை ஓரமாக ஒதுக்கி அவளை முன்னால் விட்டார்.

திரைச்சீலைக்குள் அக்கா தனியாகப் போனாள்.

வெள்ளத்தில் சிகாமட் ரோடு முழுகிக் கிடந்தபோது லோட் ஏற்றிய லோரியைத் தண்ணிக்குள் விட்டு எடுத்தவன் நான். அன்றைக்குக்கூட எனக்கு இப்படி வேர்க்கவில்லை. உள்ளே சத்தமே இல்லை. அப்புறம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அப்புறம் திரை விலகியது. முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"டேய், உள்ள வெறும் ரப்பர் டியூப்பு தொங்குது. வாளி இல்ல. போயி ஒரு வாளியும் குவளையும் வாங்கிட்டு வா."

"அப்ப இங்க இருக்கியா அக்கா?"

"இல்லாம வாளிய எதுக்குடா வாங்கச் சொல்றேன்? தலையில கவுத்துக்கவா?"

ஓடினேன்! இந்த முதுகை வைத்துக்கொண்டு ஓடினேன். முன்தெருச் சாமான் கடையில் இருந்ததிலேயே பெரிய வாளியாக, சிவப்பாக ஒன்று வாங்கிவந்தேன். கக்கூஸில் அவ்வளவு பெரிய வாளி வைத்தால் ஆளுக்கு ஆள் தடுக்கி விழுவார்கள் என்று சீன அம்மா சண்டைக்கு வந்தார். வாளி இல்லாமல் அது என்ன கக்கூஸ் என்று அக்கா தமிழிலேயே திருப்பிக் கொடுத்தாள். அவர் மலாயில், இவள் தமிழில். கடைசியில் சின்ன வாளியாக மாற்றிவந்து மூலையில் கொக்கி அடித்து மாட்டினோம். கொக்கியை நான்தான் அடித்தேன், இன்றைக்கும் ஆடாமல் இருக்கிறது.

இப்போது யார் வீட்டில் ஹோம் பார்க்க வேண்டுமென்றாலும் எனக்குத்தான் போன் வருகிறது. கோயிலில்கூடப் பிடித்து நிறுத்திக் கேட்கிறார்கள். வெள்ளைத் தரையைப் பார்க்காதே, வாக்கர் காலைத் திருப்பிப் பார் என்பேன். நல்ல நேரத்தைச் சேர்க்கிற நாளுக்கு வைத்துக்கொள், பார்க்கப் போவதற்கு ராகு காலம்தான் என்பேன். பூசாரி என்னை முறைக்கிறார். முறைக்கட்டும்.

அக்காவைச் சேர்த்த அன்றைக்கு மத்தியானம், நான் கிளம்புகிறேன் என்றதும் அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"நீ உக்காரு, நான் போய்க்கிறேன்" என்றேன்.

"வர்றவங்கள வாசல் வரைக்கும் வந்து அனுப்பாம, நான் என்ன படுத்த படுக்கையாவா கெடக்கேன்?"

வாக்கரைத் தூக்கி வைத்து, ஒரு அடி, மறுபடி தூக்கி வைத்து, இன்னொரு அடி. நான் என் நடையைக் குறைத்துக்கொண்டே வந்தேன், அப்படியும் அவளைத் தாண்டிவிட்டேன். நின்றேன். அவள் என்னைத் தாண்டினாள். கேட்டுக்கு வந்து சேர்ந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அப்புறம் என் காரைப் பார்த்தாள்.

"எவன் வீட்டு வாசல்ல கொண்டுபோயி நிறுத்தியிருக்க பாரு. எடுடா மொதல்ல" என்றாள்.